ஏழு டிகிரி

பிரெஞ்சில் ‘ஜெ’ என்று ஒரு சொல் உண்டு. விளையாட்டு என்று பொருள். சீட்டாட்டமும் ஜெதான், பிள்ளைகள் தெருவில் ஆடுவதும் ஜெதான். ஆனால் பாண்டிச்சேரியில் என் பெரியப்பாவின் பெழோ 203 காரைப் பழுது பார்க்க வருபவர் அந்தச் சொல்லை வேறு மாதிரி சொல்வார். “இந்த வால்வுக்கு ஜெ போதவில்லை” என்பார். இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே வேண்டுமென்றே விடும் இடைவெளிக்கு அதுதான் பெயர். பின்னாளில் வேலூருக்கு வந்து அரசாங்கக் குமாஸ்தாவான பிறகு, நம் ஊர் மெக்கானிக்குகள் அதையே ‘பிளே’ என்று சொல்வதைக் கேட்டேன். ஆங்கிலத்திலும் அதே விளையாட்டு! நம் தமிழில் மட்டும் என்ன, ‘பேரிங்கில் ஆட்டம் இருக்கு’ என்றுதானே சொல்கிறோம். மூன்று மொழிக்காரர்களும் கலந்து பேசி முடிவு செய்த மாதிரி இருக்கிறது.

அந்த ஆட்டத்தை அளப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நான் பார்த்தது 1984-ல், ஆம்பூரில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில்.

என் மைத்துனர் (மனைவியின் தம்பி) அப்போது அம்பாசிடர் மார்க் 3 ஒன்றை டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் வண்டி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் தோல் தொழில் முகம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு முழுதாகப் பதப்படுத்திய தோல், ஷூவின் மேல்பாகம், ஷூ என்று ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் நேரில் வந்து பார்த்து வாங்கினார்கள். அவர்களை மீனம்பாக்கத்திலிருந்து அழைத்து வர வண்டி வேண்டும். போக வர முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு தோல் கம்பெனி மைத்துனருக்கு மாத ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது. வரும் திங்கட்கிழமை முதல் வண்டி நிற்க வேண்டும்.

வண்டியோ ஓடும் நிலையில் இல்லை. எண்ணெய் குடித்தது, புகை கக்கியது, ஏற்றம் என்றால் முனகியது. ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவிலேயே முதல் கியருக்கு வந்துவிடும். இன்ஜினை இறக்கிப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்கு வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவன் நான். தவணை தவறினால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதனால் அந்த ஷெட்டுக்குப் போய் உட்கார எனக்கு முழு உரிமை இருந்தது! இரண்டு நாள் தற்செயல் விடுப்பும் போட்டிருந்தேன்.

மெக்கானிக்கை எல்லோரும் ‘பாய்’ என்றே கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். குறைவாகப் பேசுவார். ஷெட்டின் சுவரில் கரியால் எண்கள் எழுதி வைத்திருந்தார்: அம்பாசிடர் 15, ஹெரால்டு 10, ஜீப் 18–16. இவை டேப்பெட் அளவுகள், கணக்கு ‘தௌ’வில். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ. மெட்ரிக்கிலேயே வளர்ந்த எனக்கு அதை மில்லிமீட்டராக மாற்றினால்தான் மனதில் நிற்கும். 15 தௌ என்றால் 0.38 மில்லிமீட்டர். நாம் எழுதும் தாள் மூன்று நான்கை அடுக்கினால் வரும் கனம்.

ஏன் இந்த இடைவெளி? இன்ஜின் சூடானால் வால்வின் தண்டு நீளும். இடம் விடாமல் இறுக்கி வைத்தால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வின் விளிம்பு வழியே நெருப்பு பாய்ந்து அது கருகிப்போகும். கூடுதலாக விட்டால் தட்டல் சத்தம், தேய்மானம். “சத்தம் வந்தா பயப்படாதீங்க சார், சத்தமே வரலைன்னாதான் பயப்படணும்” என்றார் பாய். அம்பாசிடருக்கு அவர் 15 வைப்பது இன்ஜின் சூட்டோடு இருக்கும்போது.

ரீபோர் ஏற்கெனவே முடிந்திருந்தது. முதல் நாள் முழுக்கப் பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும். ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தள்ளி நேராக உட்கார வைப்பார். பிறகு ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஃபீலர் தகட்டை விட்டுப் பார்ப்பார். 8 முதல் 13 தௌ வரை இருக்கலாம். இரண்டு ரிங்குகள் 6-தான் காட்டின. அரம் எடுத்து முனையைத் தேய்த்தார், மறுபடி விட்டார், மறுபடி தேய்த்தார். கிராங்க் முன்னும் பின்னும் நகரும் ஆட்டம் 2 முதல் 3 தௌ. இதெல்லாம் நிதானமாக, வாயில் வெற்றிலையோடு நடந்தது. மைத்துனர் வெளியே திண்ணையில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ராக்கர் ஆர்ம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் சொன்னார். வால்வின் தலையைத் தட்டித் தட்டி ராக்கரின் முகத்தில் சிறு குழி விழுந்திருக்கும். ஃபீலர் தகடு நேரானது, அந்தக் குழிக்குள் இறங்காது, பாலம் போல மேலேயே நிற்கும். தகடு 15 என்று சொல்லும். உண்மையில் குழியின் ஆழத்தையும் சேர்த்து 18, 20 இருக்கும். அதனால் முதலில் ராக்கர் முகங்களைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே அளவு. நம் ஊரில் ‘டேப்பெட் எவ்வளவு டைட் பண்ணாலும் சத்தம் நிக்கல’ என்று அலுத்துக்கொண்ட அம்பாசிடர்காரர்கள் எத்தனையோ பேர். பாதிப் பேருக்குக் காரணம் அந்தக் குழியாகத்தான் இருந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் டைமிங்குக்கு வந்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இரண்டையும் செயின் இணைக்கிறது. கேம் ஷாஃப்டில் இருக்கும் மேடுகள்தான் வால்வுகளைத் திறந்து மூடுகின்றன. எப்போது திறக்க வேண்டும் என்பதற்குக் கம்பெனிக் கணக்கு உண்டு. அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தில் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது, 1959 வாக்கில் நம் வண்டிக்கு வந்தது. அதில் பெட்ரோல் உள்ளே வரும் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி இருக்கும்போதே திறக்கும். பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 45 டிகிரி போன பிறகு மூடும். ஆக மொத்தம் 230 டிகிரி திறந்திருக்கிறது. அதன் நடுப்புள்ளி, அதாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும் இடம், உச்சிக்குப் பிறகு 110 டிகிரி.

ஆனால் சாதாரணமாக யாரும் இதையெல்லாம் அளப்பதில்லை. இரண்டு பல்சக்கரங்களிலும் ஒவ்வொரு புள்ளி குத்தியிருக்கும். புள்ளியும் புள்ளியும் எதிரெதிரே வரும்படி செயினை மாட்டினால் வேலை முடிந்தது. செயினும் இரண்டு சக்கரங்களும் கடையில் புதிதாக வாங்கியவை. புள்ளிகள் கச்சிதமாக எதிரெதிரே நின்றன. மைத்துனர் எட்டிப் பார்த்தார்.

“மார்க்குக்கு மார்க் சேர்ந்துடுச்சே பாய். மூடிடலாமே?”

“மார்க் போட்டவன் யாரு தம்பி?”

“டப்பாவுல அசல்னு போட்டிருக்கே.”

“டப்பாவுல போட்டவனும் அவன்தானே?”

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. அலுவலகத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையோடு வரும் கோப்புகளை நாள் முழுதும் பார்ப்பவன் நான். முத்திரை குத்தியவர் சரிபார்த்தாரா என்று கேட்பவர்கள் குறைவு. சரி, அந்தக் கதை வேறு.

அளக்க இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, டிகிரி குறித்த வட்டத் தகடு. இன்னொன்று, முள் வைத்த டயல் கேஜ். மைத்துனர் ஒரு தோல் கிடங்கிலிருந்து தோலின் கனம் பார்க்கும் கேஜை வாங்கி வந்தார். பாய் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தோலுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தெரிந்தால் போதும், 1.2-ஆ 1.4-ஆ என்பதைத் தோல் பிரிக்கும் ஆள்கள் விரலாலேயே சொல்லிவிடுவார்கள். இங்கே நூறில் ஒரு பங்கு தெரிய வேண்டும். கடைசியில் வேலூரில் ஒரு லேத் பட்டறையிலிருந்து கேஜ் வந்தது. ஈடாக என் எச்.எம்.டி. கைக்கடிகாரம் அங்கே தங்கியது.

வட்டத் தகட்டை நான் செய்தேன். இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னிக்கவும். பாய் தன் பழைய தகட்டை யாருக்கோ கொடுத்துத் திரும்பி வரவில்லை. 360 கோடுகளைப் பாகைமானி வைத்து வரைந்தால் எங்காவது பிசகும். நான் வேறு வழி சொன்னேன். சுற்றளவு 720 மில்லிமீட்டர் வரும்படி ஒரு வட்டம் வெட்டினால், ஒரு டிகிரிக்குச் சரியாக 2 மில்லிமீட்டர். 720-ஐப் பையால் வகுத்தால் விட்டம் 229. ஷூ கம்பெனியில் உள்ளங்காலுக்குப் போடும் கெட்டி அட்டையில் அந்த விட்டத்துக்கு வட்டம் வெட்டினோம். மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாளை நாடாவாக நறுக்கி அதன் விளிம்பைச் சுற்றி ஒட்டினேன். தொடக்கமும் முடிவும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார் எந்த ஸ்கூல்?” என்றார். பாண்டிச்சேரி, பிரெஞ்சு என்றேன். “அதான்” என்றார். எதற்கு ‘அதான்’ என்று சொல்லவில்லை.

அட்டையைக் கிராங்கின் மூக்கில் மாட்டி, கம்பி ஒன்றை முள்ளாக வளைத்து நிறுத்தினார். முதல் வேலை, பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடிப்பது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உச்சியில் பிஸ்டன் தயங்கி நிற்கும். கிராங்க் 3 டிகிரி நகர்ந்தாலும் பிஸ்டன் இறங்குவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் பாய் என்ன செய்தார் என்றால், ஏறும்போது உச்சிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிறுத்தி அட்டையைப் படித்தார். உச்சியைத் தாண்டி மறுபக்கம் அதே ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் மறுபடி படித்தார். ஒரு பக்கம் 14, மறுபக்கம் 8. கூட்டினால் 22, பாதி 11. முள்ளை 3 டிகிரி நகர்த்தி வளைத்தார். இப்போது இரண்டு பக்கமும் 11. நடுவில் இருப்பதுதான் உண்மையான உச்சி.

பிறகு முதல் சிலிண்டரின் புஷ் ராடை அதன் குழியில் நிறுத்தி, தலையில் டயல் கேஜை வைத்தார். கேமின் மேடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் மழுங்கலாக இருக்கும், அதைப் பிடிக்க முடியாது. இங்கேயும் அதே தந்திரம்: ஏறும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் ஒரு வாசிப்பு, இறங்கும்போது அதே உயரத்தில் இன்னொன்று, இரண்டுக்கும் நடு. கிராங்கை ஓடும் திசையில் மட்டுமே திருப்பினார். ஒரு முறை இடம் தாண்டிவிட்டபோது நான் “கொஞ்சம் பின்னால தள்ளுங்களேன்” என்றேன். “தள்ளினா செயினோட ஆட்டமும் கணக்குல சேர்ந்துடும் சார்” என்று சொல்லிவிட்டு, முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்தார்.

நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். ஏறும்போது 62, இறங்கும்போது 172. கூட்டி இரண்டால் வகுத்தால் 117. மறுபடி செய்தார்: 117. மூன்றாம் முறை 116½.

இருக்க வேண்டியது 110. புள்ளிகள் கச்சிதமாக எதிரெதிரே இருக்கும்போதே ஏழு டிகிரி தாமதம். ஒரு பல் தவறி மாட்டியிருந்தால் ஏறக்குறைய இருபது டிகிரி போயிருக்கும்; அதனால் அந்தக் கணக்கும் இல்லை.

ஏழு டிகிரியில் என்ன ஆகிவிடும்? இன்ஜின் ஓடும். சமவெளியில் ஓட்டினால் பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் உள்ளே வரும் வால்வு தாமதமாக மூடினால், மெதுவாகச் சுற்றும்போது சிலிண்டருக்குள் வந்த காற்றிலும் பெட்ரோலிலும் ஒரு பங்கை மேலே ஏறும் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அப்போது இழுவை போகும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய டாக்சி ஏற்றத்தில் முனகுவது இதனால்தான். பெட்ரோலும் கூடச் செலவாகும். மாத ஒப்பந்தத்தில் பெட்ரோல் மைத்துனர் கையைச் சேர்ந்தது.

பாய் புதிய சக்கரத்தைக் கழற்றிப் பழைய சக்கரத்தைப் புதுச் செயினோடு மாட்டி அளந்தார். 112 வந்தது. ஆக, குற்றம் புதிய சக்கரத்தில்தான். அதன் சாவிப் பள்ளம் இடம் மாறி வெட்டப்பட்டிருந்தது. பழையதையே போட்டுவிடலாமே என்றால், அதன் பற்கள் கொக்கி போலத் தேய்ந்திருந்தன; புதுச் செயினை ஆறு மாதத்தில் தின்றுவிடும். வேறு புதுச் சக்கரம் வேண்டுமென்றால் மெட்ராஸ் போக வேண்டும். அதுவும் எப்படி இருக்குமோ. பாய் சொன்ன வழி, படி வைத்த சாவி ஒன்றை லேத்தில் வெட்டுவது. சாவியின் மேல்பாதி, கீழ்ப்பாதியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி நிற்கும். அந்த அளவு சக்கரம் திரும்பி உட்காரும். ஞாயிற்றுக்கிழமை லேத் கிடையாது. திங்கள் காலைதான்.

இங்கேதான் வெடித்தது.

“திங்கக்கிழமை வண்டி நிக்கணும் பாய்! புள்ளி சேருது, ஓடும்னு நீங்களே சொல்றீங்க. மூடுங்க. நாலு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்.” மைத்துனர் குரல் தெருவரை கேட்டது. அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. என் மனைவியின் தம்பி சம்சாரத்தின் நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. ஒப்பந்தம் போனால் வேறு வண்டிக்காரன் தயாராக நின்றான்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். “மூடித் தர்றேன் தம்பி, ராத்திரிக்குள்ள. ஆனா கூலி வேணாம். இந்த இன்ஜினை யார் கட்டினாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மைத்துனர் என்னைப் பார்த்தார். “மாமா, நீங்க சொல்லுங்க” என்றார். நான் நோட்டைத் திறந்து காட்டினேன்: 117, 117, 116½. “மூணு தடவையும் ஒண்ணேதான் சொல்லுது” என்றேன். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. அவர் வெளியே போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தார். வாணியம்பாடியில் தெரிந்த ஒருவரின் அம்பாசிடரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஒப்பந்தத்தைத் தொடங்குவது என்று முடிவானது. அந்த இரண்டு நாளில் அவருக்குக் கையிலிருந்து போனதுதான் மிச்சம். லாபம் ஒரு பைசா இல்லை.

திங்கள் மதியம் சாவி வந்தது. பாய் மாட்டி, மறுபடி முதலிலிருந்து உச்சியைப் பிடித்து, மறுபடி ஏறுவது, இறங்குவது. 110½. இன்னும் அரை டிகிரி சரி செய்யலாமா என்று நான் கேட்டேன். “அந்த அரை செயின் கணக்கு சார். ஓட ஓட அது தன் இஷ்டத்துக்குப் போகும்” என்றார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொரு வகை மெக்கானிக்குகளையும் பார்த்திருக்கிறேன், அரை டிகிரிக்காக மூன்று நாள் வண்டியைக் கட்டிப்போடுபவர்கள்.

செவ்வாய் இரவு ஹெட் ஏறியது. ஓடவிட்டுச் சூடாக்கி, டேப்பெட் வைத்தார். அப்போது ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அம்பாசிடரில் எட்டு வால்வு. வரிசையாக ஒன்று முதல் எட்டு. எந்த வால்வை அளக்க வேண்டுமோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். வரும் விடைக்குரிய வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது, அளக்க வேண்டிய வால்வு நன்றாக மூடியிருக்கும். எட்டு திறந்திருந்தால் ஒன்றை அள, ஆறு திறந்திருந்தால் மூன்றை அள. நான் வால்வு எண்ணைச் சொல்ல, பாயின் உதவிக்காரப் பையன் பதிலைச் சொன்னான். அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. கழித்தலில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தகடு இழுபட வேண்டும், ஆனால் மாட்டக் கூடாது. அந்த இழுவை எப்படி இருக்கும் என்று என் விரலில் தகட்டைக் கொடுத்துக் காட்டினார். வெண்ணெய்த் தாளைக் கனமான புத்தகத்தின் அடியிலிருந்து உருவுவது போல இருந்தது.

புதன் விடியற்காலை மைத்துனர் மீனம்பாக்கம் போனார். புது இன்ஜின் என்பதால் வேகம் பிடிக்காமல் நிதானமாகப் போய் வந்தார். ஒரு மாதம் கழித்து எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஏலகிரி போனோம். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் குழந்தைகள். பதினான்கு வளைவையும் இரண்டாம் கியரிலேயே ஏறினார். ஒன்பதாவது வளைவில் மட்டும் எதிரே பஸ் வந்ததால் முதல் கியர். அதைத் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மேலே போய்ச் சேரும் வரை வாதாடிக்கொண்டு வந்தார்.

கடன் முப்பத்தாறு தவணையில் முடிந்தது. என் சம்பளத்தில் ஒரு முறையும் பிடிக்கவில்லை. அந்த இன்ஜின் எட்டு வருடம் திறக்கப்படாமல் ஓடியது. அதற்குள் ஊரெல்லாம் டீசல் டாக்சி வந்துவிட்டது. பெட்ரோல் வண்டியைக் கட்டுப்படியாகாமல் விற்றார். அம்பாசிடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. இப்போதைய கார்கள் பலவற்றில் டேப்பெட் இடைவெளியை எண்ணெய் அழுத்தமே பார்த்துக்கொள்கிறதாம், தகடு விட்டுப் பார்க்கும் வேலையே இல்லை.

லேத் பட்டறைக்காரர் என் கடிகாரத்தைத் திருப்பித் தந்தபோது அது பத்து நிமிடம் தாமதமாக ஓடிக்கொண்டிருந்தது. பாயிடம் காட்டினேன். “அது என் வேலை இல்ல சார்” என்றார்.